பழைய கன்ட்ரியும் வானொலிக் கன்ட்ரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்ட்ரி இசை எங்கே தொடங்கியது?

அமெரிக்காவின் தென்மாநிலங்களில். அப்பலாச்சிய மலையோர ஊர்கள், பஞ்சாலைத் தெருக்கள், பருத்தி வயல்கள், ரயில்பாதைகள் எல்லாம் சேர்ந்ததுதான் இதன் தாய்வீடு. ஃபிடிலும் (நாட்டுப்புற பாணியில் வாசிக்கும் வயலின்) கதைப்பாட்டும் பிரிட்டன், அயர்லாந்துக் குடியேறிகளோடு வந்தன. பேஞ்சோ என்ற தோல்போர்த்திய தந்திக்கருவி, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் கருவி. படுக்கவைத்து, தந்திமேல் இரும்புத் தண்டை வழுக்கி வாசிக்கும் ஸ்டீல் கிட்டார் ஹவாய்த் தீவுகளின் கொடை. இதை ஒரே இனத்தாரின் தூய இசை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிறக்கும்போதே கலந்து பிறந்த இசை இது.

1923-ல் அட்லாண்டாவில் ஃபிட்லின் ஜான் கார்சன் வாசித்துப் பாடிய இசைத்தட்டு விற்றுத் தீர்ந்த பிறகுதான் நியூயார்க் கம்பெனிகள் தெற்கே திரும்பிப் பார்த்தன. அந்தப் பதிவைச் செய்த ரால்ஃப் பீர், 1927 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை விக்டர் கம்பெனிக்காக பிரிஸ்டல் ஊரில் முகாம் போட்டார். அந்த ஊரின் பெரிய தெருவுக்கு நடுவில்தான் டென்னசிக்கும் வர்ஜீனியாவுக்கும் எல்லைக்கோடு ஓடுகிறது. அங்கே ஒரு தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் 19 குழுக்கள் 76 பாடல்களைப் பதிவுசெய்தன. வர்ஜீனியாவிலிருந்து வந்த கார்ட்டர் குடும்பமும், முன்னாள் ரயில்வே தொழிலாளியான ஜிம்மி ராஜர்ஸும் வெளியுலகத்துக்குத் தெரியவந்தது அங்கேதான். கிட்டார் வாசித்த மேபெல் கார்ட்டருக்கு அப்போது 18 வயது, நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த கர்ப்பிணி.

அப்படியானால் பழைய கன்ட்ரி பணத்துக்காகச் செய்யப்படாத இசையா?

இல்லை. பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். ரால்ஃப் பீர் பாட்டுக்கு 50 டாலர் கொடுத்ததோடு, காப்புரிமை பெறக்கூடிய பாடல்களாகத் தேடினார். வருமானம் அதிலிருந்துதான் வரும் என்பது அவர் கணக்கு. அதனால்தான் ஏ. பி. கார்ட்டர் மலையூர் தோறும் அலைந்து பாடல் திரட்டினார். வரிகளை அவர் எழுதிக்கொள்ள, மெட்டை மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிட்டார் கலைஞர். கார்ட்டர் குடும்பப் பாடல்களைக் கேட்கும்போது அவர் பெயரையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

1925-ல் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் தொடங்கிய ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ வானொலி நிகழ்ச்சியும் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் நிலையத்தில்தான் ஒலித்தது. நிலையத்தின் பெயரான டபிள்யூ.எஸ்.எம். என்பதே ‘லட்சோப லட்சம் பேரைக் காக்கிறோம்’ என்ற பொருள் தரும் அந்தக் கம்பெனி விளம்பர வாசகத்தின் முதலெழுத்துகள். ஆகப் பணம் முதல் நாளிலிருந்தே இருந்தது. அந்தப் பணம் யார் வழியாக வந்தது, பாட்டின் உள்ளே எவ்வளவு தூரம் கைவைத்தது என்பதில்தான் பழையதும் புதியதும் பிரிகின்றன.

காதால் கேட்டே பிரித்தறிய முடியுமா?

முடியும். பாடகர் ஒரு வரியைப் பாடி முடித்து மூச்சு வாங்கும் அந்த ஒரு நொடி, ஒன்றரை நொடியைக் கவனியுங்கள். பழைய கன்ட்ரியில் அந்த இடைவெளியில் ஏதோ ஒரு கருவி பதில் சொல்லும். ஃபிடிலாக இருக்கலாம், ஸ்டீலாக இருக்கலாம், ஹார்மோனிகாவாகவும் இருக்கலாம். பாடகரின் வரியைக் கேட்டுவிட்டு, அதற்கேற்றபடி இரண்டு மூன்று சுரம் பேசிவிட்டு ஒதுங்கும். கச்சேரியில் பாட்டுக்காரர் ஒரு சங்கதி பாடினால் வயலின்காரர் நிழல்போலத் தொடர்வாரே, அந்த உறவு இது. வானொலிக் கன்ட்ரியில், அதாவது இன்று நிலையங்களில் ஒலிக்கும் பாப் கலந்த கன்ட்ரியில், பெரும்பாலும் அந்த இடைவெளியே இருக்காது. பின்னணிக் குரல்களும் இரைச்சல் ஏற்றிய கிட்டார்களும் அதை முன்கூட்டியே நிரப்பியிருக்கும்.

சோதித்துப் பார்க்க ஹாங்க் வில்லியம்ஸ் 1949-ல் பதிவுசெய்த ‘ஐ’ம் சோ லோன்சம் ஐ குட் க்ரை’ பாடலை எடுங்கள். மூன்றெண்ணிக்கைத் தாளம், நான்கு சரணம். தனிப் பல்லவி கிடையாது. இரண்டாம் சரணம் தவிர மற்ற மூன்றும் அதே கடைசி வரியில் வந்து இறங்கும். ஜெர்ரி பேர்டின் ஸ்டீல், குரல் ஓயும் இடத்தில் மெல்ல எழுந்து அடங்கும். அடுத்து ஃப்ளோரிடா ஜார்ஜியா லைன் குழுவின் 2012 பாடல் ‘க்ரூஸ்’. இது பல்லவியிலேயே தொடங்கிவிடும். கேட்பவர் நிலையம் மாற்றுவதற்கு முன்பே கொக்கி மாட்டிவிட வேண்டும் என்ற கணக்கு அது. பேஞ்சோ இதிலும் உண்டு. ஆனால் அது யாருக்கும் பதில் சொல்வதில்லை, அலங்காரமாக ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே கருவிப் பட்டியலை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. 1980-ல் ஜார்ஜ் ஜோன்ஸ் பாடிய ‘ஹி ஸ்டாப்ட் லவிங் ஹர் டுடே’யில் வயலின் கூட்டமே பின்னணியில் எழும். ஆனாலும் அதைப் பாரம்பரியக் கன்ட்ரியின் சிகரமாகத்தான் வைக்கிறார்கள். சாகும்வரை அவளையே நேசிப்பேன் என்றவன், இன்று நேசிப்பதை நிறுத்திவிட்டான்; அவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதைக் கேட்பவர் தாமாக உணரும்வரை பாட்டு அவசரப்படுவதில்லை. ஹார்மோனிகாவும் ஸ்டீலும் கூடவே இருந்து பதில் சொல்கின்றன.

குரலில் என்ன வித்தியாசம்?

ஜார்ஜ் ஜோன்ஸ் ஒரே அசைக்குள் சுரத்தைக் கீழிருந்து வளைத்து ஏற்றி, மறுபடி இறக்குவார். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும். சுருதி திருத்தும் மென்பொருளை வேகமாகத் திருத்தும்படி வைத்தால், இந்த வளைவைப் பிழை என்று எண்ணிப் பக்கத்துச் சுரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். குரல் சுத்தமாகும், அழுகை போய்விடும். நல்ல பொறியாளர்கள் வேகத்தைக் குறைத்து, உண்மையிலேயே பிசகிய சுரத்தை மட்டும் கையால் திருத்துவார்கள். அப்படிச் செய்தால் வளைவு பிழைக்கும்.

பெடல் ஸ்டீல் (பெடல் பூட்டிய ஸ்டீல் கிட்டார்) எப்படி வேலை செய்கிறது? ஏன் அது அழுவதுபோல் கேட்கிறது?

நாஷ்வில்லில் வழக்கமாக உள்ளது 10 தந்தி கொண்ட ஈ9 சுருதி. முதல் தந்தியிலிருந்து பத்தாவது வரை: எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி. இடக்கையில் உருளையான இரும்புத் தண்டு, வலக்கையில் கட்டைவிரலுக்கு ஒன்றும் அடுத்த இரு விரல்களுக்கு ஒவ்வொன்றுமாக மூன்று பிக் (மீட்டும் நகம்). இடக்காலுக்கு மூன்று பெடல், வலக்காலுக்கு ஒலி ஏற்றி இறக்கும் பெடல், முழங்கால்களால் தள்ளும் நெம்புகோல்கள் தனி. கோட்டுவாத்தியத்தை அறிந்தவர்களுக்குத் தண்டு புதிதல்ல, பெடல்தான் புதிது.

முதல் பெடல் 5, 10 ஆகிய தந்திகளை பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு உயர்த்தும். இரண்டாவது பெடல் 3, 6 ஆகியவற்றை ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-க்கு உயர்த்தும். 8, 6, 5 தந்திகளை மீட்டினால் ஈ, ஜி ஷார்ப், பி: அது ஈ மேஜர் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு). தண்டை நகர்த்தாமல் இரண்டு பெடலையும் மிதித்தால் ஈ, ஏ, சி ஷார்ப்: அது ஏ மேஜர். ஒரு சுரம் அசையாமல் நிற்க, மற்ற இரண்டும் வழுக்கி ஏறுகின்றன. அழுகை அந்த வழுக்கலில்தான் இருக்கிறது. வெறும் தண்டை நகர்த்தினால் மூன்று சுரமும் ஒன்றாக நகருமே தவிர இந்த உணர்வு வராது. 1954-ல் வெளிவந்த வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’யில் பட் ஐசக்ஸ், சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்து இதைக் காட்டினார். அதன் பிறகு நாஷ்வில் முழுக்க இந்தக் கருவி பரவியது.

புதிதாகப் பழகுபவர்கள் இரண்டு இடத்தில் தடுக்குவார்கள். ஒன்று, தண்டை ஃப்ரெட் கோட்டுக்கு (சுர இடத்தைக் காட்டும் கோடு) நேர்மேலே வைக்காமல் பக்கவாட்டில் சாய்ந்து பார்ப்பது. கண்ணுக்குச் சரியாகத் தெரியும், காதுக்குச் சுருதி இறங்கியிருக்கும். தலையைத் தண்டுக்கு நேர்மேலே கொண்டுவந்து பாருங்கள். இரண்டு, ஒலிப் பெடலைப் பூஜ்யத்திலிருந்து ஒவ்வொரு சுரத்துக்கும் பம்ப் அடிப்பதுபோல் மிதிப்பது. பாதி திறந்த நிலையில் மீட்டி, ஒலி தேயத் தேய மெதுவாகத் திறக்க வேண்டும். அப்போதுதான் சுரம் நீளும்.

மேபெல் கார்ட்டர் பாணியை வீட்டுக் கிட்டாரில் எப்படிப் பழகுவது?

கட்டைவிரல் தடித்த தந்திகளில் மெட்டை வாசிக்கும், ஆள்காட்டி விரல் மெல்லிய தந்திகளைத் துடைப்பதுபோல் தட்டித் தாளம் காட்டும். ஒரே ஆள் இருவர் வேலை பார்ப்பது. சி கார்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் அடிக்குக் கட்டைவிரல் 5-ஆம் தந்தி, இரண்டாம் அடிக்கு 1, 2, 3 தந்திகளில் துடைப்பு, மூன்றாம் அடிக்குக் கட்டைவிரல் 4-ஆம் தந்தி, நான்காம் அடிக்குத் துடைப்பு. இது நிமிடத்துக்கு 60 அடி வேகத்தில் தடுமாறாமல் வந்த பிறகு, 4-ஆம் தந்தியை வெறுமனே மீட்டி, ஒலிக்கும்போதே இரண்டாம் ஃப்ரெட்டில் விரலை அடித்து இறக்குங்கள். டி-யிலிருந்து ஈ-க்குத் தாவும் அந்தச் சின்ன ஒலிதான் கார்ட்டர் முத்திரை.

துடைப்பு ஆறு தந்தியையும் தொட்டால் மெட்டு மூழ்கிவிடும். மூன்றோடு நிறுத்துங்கள், கட்டைவிரலைவிடப் பாதி ஒலியில். கட்டைவிரலுக்கு பிக் போடாமல் பழகினால் மெட்டு வெளியே வருவது கஷ்டம். பழைய தட்டோடு சேர்ந்து வாசிக்கும்போது சுருதி ஒட்டவில்லையென்றால் பிழை உங்களுடையது இல்லை. ஆரம்பகாலப் பதிவுகளில் கிட்டார் வழக்கமான சுருதியைவிடத் தாழ்த்தப்பட்டிருக்கும். ஒரு முழுச் சுரம் இறக்கித் தொடங்கி, ஒட்டும்வரை இறக்கிப் பாருங்கள்.

பழைய பதிவுகளில் ஏன் ட்ரம்ஸ் இல்லை?

ஓப்ரி மேடையில் நெடுங்காலம் ட்ரம்ஸை ஏற்கவில்லை. தாளத்தை நின்று வாசிக்கும் பேஸும், ரிதம் கிட்டாரும், மாண்டலினின் வெட்டடியும் பங்கிட்டுக்கொண்டன. ட்ரம்மர் இல்லாத ஜானி கேஷ், 1956-ல் ‘ஐ வாக் த லைன்’ பதிவின்போது கிட்டார் தந்திகளுக்கிடையே காகிதத்தைச் செருகி வாசித்தார். சுரம் மங்கி, பிரஷ்ஷால் ஸ்னேர் ட்ரம்மைத் தட்டுவதுபோல் ‘சிக், சிக்’ என்று கேட்கும். நீங்களும் செய்யலாம்: மெல்லிய தாளை நீளவாக்கில் மடித்து, ஒரு தந்திக்கு மேலே அடுத்ததற்குக் கீழே என்று கோத்துவிடுங்கள். தடித்த அட்டை வேண்டாம், கார்டே கேட்காமல் போய்விடும்.

‘நாஷ்வில் சவுண்ட்’ என்பது என்ன? பாப் கலப்பு அப்போதே வந்துவிட்டதா?

வந்துவிட்டது. 1950-களின் நடுவில் ராக் அண்ட் ரோல் இளைஞர்களை அள்ளிக்கொண்டு போனபோது, ஆர்.சி.ஏ. கம்பெனியில் செட் அட்கின்ஸும் டெக்கா கம்பெனியில் ஓவன் பிராட்லியும் ஃபிடிலையும் ஸ்டீலையும் பின்னுக்குத் தள்ளி, வயலின் வரிசையையும் மென்குரல் கோரஸையும் முன்னே வைத்தார்கள். பேட்சி க்ளைனின் 1961 ‘க்ரேசி’ அந்தப் பாணியின் உச்சம். எழுதியவர் வில்லி நெல்சன்.

ஜிம் ரீவ்ஸும் இந்த அணிதான். மைக்குக்கு மிக அருகில் நின்று, குரலை உயர்த்தாமல், காதோடு பேசுவதுபோல் பாடுவார். இலங்கையிலும் இந்தியாவிலும் அவருக்குக் கிடைத்த ரசிகர்கள் கொஞ்சமல்ல. நம்மில் பலர் வீட்டில் கன்ட்ரி என்றாலே அவர் குரல்தான். ஆகவே ‘பழைய கன்ட்ரி’ என்று நாம் பாசத்தோடு நினைப்பதே ஒருகாலத்தில் ‘புதுவகைக் கலப்பு’ என்று திட்டு வாங்கியது. இந்த உண்மையை மறைத்துவிட்டு இன்றைய பாடகர்களைத் திட்டுவது நியாயமில்லை.

எதிர்வினையும் உடனே வந்தது. கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் பக் ஓவன்ஸும் மெர்ல் ஹேகர்டும் கூர்மையான ஒலி தரும் டெலிகாஸ்டர் மின் கிட்டாரும் ஸ்டீலும் ட்ரம்ஸும் வைத்து முரட்டு ஒலியைக் கொண்டுவந்தார்கள். 1970-களில் வேலன் ஜென்னிங்ஸும் வில்லி நெல்சனும், யார் வாசிக்க வேண்டும் என்பதைத் தாங்களே முடிவுசெய்யும் உரிமைக்காகக் கம்பெனிகளோடு மோதினார்கள். இழுபறி இப்படித்தான் போகிறது: ஒரு தலைமுறை மெருகேற்றும், அடுத்தது சுரண்டி எடுக்கும்.

ஸ்டூடியோவில் எண்களால் பாடல் எழுதுகிறார்களாமே?

ஆமாம், நாஷ்வில் எண் முறை. 1950-களின் பிற்பகுதியில் ஜோர்டனேர்ஸ் என்ற பாடகர் குழுவின் நீல் மேத்யூஸ் தொடங்கினார், சார்லி மெக்காய் பரப்பினார். சுருதியின் முதல் சுரத்துக்கு 1, அங்கிருந்து 7 வரை. ஜி சுருதியில் 1 என்றால் ஜி, 4 என்றால் சி, 5 என்றால் டி. ஓர் எண், ஒரு தாளச்சுற்று. ‘1 1 4 1’ என்று ஒரு வரி, ‘1 1 5 5’ என்று அடுத்தது. மைனர் என்றால் எண்ணுக்குப் பின் சிறு கோடு. ஒரே சுற்றில் இரண்டு கார்டு வந்தால் இரண்டுக்கும் கீழே அடிக்கோடு. எண்ணைச் சுற்றி வைர வடிவம் போட்டிருந்தால் ஒருமுறை மீட்டி ஒலிக்க விட வேண்டும்.

பாடகரின் தொண்டை சரியில்லை, சுருதியை இறக்கு என்றால் தாளில் எதையும் மாற்ற வேண்டாம். மூன்று மணி நேர அமர்வில் மூன்று நான்கு பாடல் முடிந்தது இப்படித்தான். மைனர் பாடல்களில் மட்டும் குழப்பம் வரும்: சிலர் அதை மைனர் 1 என்று தொடங்குவார்கள், சிலர் மைனர் 6 என்று. வாசிக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

1990-களுக்குப் பிறகு எது மாறியது?

மூன்று மாற்றங்கள், மூன்றும் இசைக்கு வெளியே நடந்தவை.

1991 மே மாதம், இசைத் தரவரிசை வெளியிடும் பில்போர்ட் பத்திரிகை, கடைக்காரர்களின் வாய்மொழியை விட்டுவிட்டு பார்கோடு விற்பனைக் கணக்கைப் பயன்படுத்தத் தொடங்கியது. கன்ட்ரி எவ்வளவு விற்கிறது என்று அப்போதுதான் வெளிச்சமானது. அதே ஆண்டு செப்டம்பரில் கார்த் ப்ரூக்ஸின் ‘ரோபின் த விண்ட்’ பொதுத் தரவரிசையில் நேராக முதலிடத்தில் இறங்கியது. எந்தக் கன்ட்ரி ஆல்பமும் அதுவரை அப்படி இறங்கியதில்லை. அதன் பிறகு கம்பெனிகளின் எதிர்பார்ப்பு பாப் அளவுக்கு ஏறிவிட்டது.

1996 தொலைத்தொடர்புச் சட்டம் இரண்டாவது. அதுவரை ஒரு நிறுவனம் நாடு முழுவதும் 40 வானொலி நிலையம்தான் வைத்திருக்கலாம். சட்டம் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது. சில ஆண்டுகளில் ஒரே நிறுவனம் 1,200-க்கும் மேற்பட்ட நிலையங்களை வைத்திருந்தது. முன்பு ஓர் ஊர் அறிவிப்பாளர் தன் விருப்பத்துக்கு ஒரு புதுத் தட்டைப் போட்டுப் பார்க்கலாம். இப்போது சில பேர் தீர்மானிக்கும் பட்டியல் ஊர் ஊராக ஒலித்தது. யாரையும் எரிச்சலூட்டாத பாடல் பிழைத்தது, யாரையாவது ஆழமாகத் தொடும் பாடல் விழுந்தது. எங்கள் பார்வையில் மிகப் பெரிய சேதம் இதுதான்.

2012 அக்டோபரில் பில்போர்ட் தன் கன்ட்ரிப் பாடல் தரவரிசையில் டவுன்லோடு, ஸ்ட்ரீமிங், பிறவகை வானொலி ஒலிபரப்பு எல்லாவற்றையும் சேர்த்தது. ஒரு பாட்டுக்கு பாப் நிலையங்களுக்கான ரீமிக்ஸ் இருந்தால் அந்தக் கணக்கும் கன்ட்ரிப் பட்டியலில் ஏறும். ‘க்ரூஸ்’ ராப் பாடகர் நெல்லியோடு ரீமிக்ஸ் ஆகி, அந்தப் பட்டியலில் 24 வாரம் முதலிடத்தில் இருந்தது. பிக்கப் டிரக், மண்சாலை, பீர், பக்கத்தில் ஒரு பெண் என்ற ஒரே சட்டகத்தில் வந்த பாடல்களுக்கு ‘ப்ரோ-கன்ட்ரி’ என்ற பெயர் 2013-ல் ஒட்டிக்கொண்டது.

பெண்கள் குரல் ஏன் குறைந்தது?

இரண்டு பெண் பாடகர்களை அடுத்தடுத்துப் போடக் கூடாது என்பது நிலையங்களில் எழுதாத விதியாகிவிட்டது. 2015-ல் ஒரு வானொலி ஆலோசகர், ஆண்கள்தான் சாலட், பெண்கள் அதில் தூவும் தக்காளி என்ற பொருளில் வெளிப்படையாகவே சொல்லிப் பெரும் கண்டனத்துக்கு ஆளானார். கிட்டி வெல்ஸ், லோரெட்டா லின், டாலி பார்ட்டன் என்று வளர்ந்த இசைக்கு இது பெரிய அவமானம்.

கறுப்பினக் கலைஞர்களுக்கு இதில் இடம் இருந்ததா?

வேரில் இருந்தது, வாசலில் மறுக்கப்பட்டது. 1920-களில் ஒரே ஊரின் இசையைக் கம்பெனிகள் நிறம் பார்த்து இரண்டு விற்பனைப் பட்டியலாகப் பிரித்தன. ஓப்ரியின் ஆரம்பகால நட்சத்திரமான ஹார்மோனிகாக் கலைஞர் டிஃபோர்ட் பெய்லி 1941-ல் நீக்கப்பட்டார். கன்ட்ரி புகழ்மண்டபத்தில் அவருக்கு 2005-ல்தான் இடம் கிடைத்தது, அவர் காலமான பிறகு. சார்லி ப்ரைட் 1971-ல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் உயரிய விருதைப் பெற்றார். 2019-ல் லில் நாஸ் எக்ஸின் ‘ஓல்ட் டவுன் ரோட்’ கன்ட்ரிப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. பொதுப் பட்டியலில் 19 வாரம் முதலிடம் பிடித்தது. ‘இது கன்ட்ரியே இல்லை’ என்று சொல்லும் முன் இந்த வரலாற்றையும் எடைபோட வேண்டும்.

இப்போது வருவது எல்லாமே மோசமா?

இல்லவே இல்லை. 2000-ல் வந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ படத்தின் மலைநாட்டுப் பாடல்கள் வானொலியின் பெரிய ஆதரவின்றியே விற்று, 2002-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி வாங்கின. 2015-ல் க்ரிஸ் ஸ்டேபிள்டன் ஒரே விருது மேடை நிகழ்ச்சியில் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார். 2025-ல் கிராமி அமைப்பு கன்ட்ரி ஆல்பம் விருதைப் பாரம்பரியம், சமகாலம் என்று இரண்டாகப் பிரித்து அறிவித்தது. ஸ்ட்ரீமிங் ஒரு நல்லதும் செய்தது: வானொலிப் பட்டியலில் இடமில்லாத ஃபிடில் பாட்டும் கேட்பவரை நேராகப் போய்ச் சேருகிறது.

ஸ்ட்ரீமிங்கில் பழைய பாடல் தேடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், மறுபதிவுகள். பல பழைய பாடகர்கள் பிற்காலத்தில் வேறு கம்பெனிகளுக்காகத் தங்கள் வெற்றிப் பாடல்களைத் திரும்பப் பாடினார்கள். ‘சிறந்த பாடல்கள்’ தொகுப்புகளில் பெரும்பாலும் இவைதான் நுழைந்திருக்கும். குரல் முதிர்ந்திருந்தால், ட்ரம்ஸ் எதிரொலியோடு பெரிதாகக் கேட்டால் சந்தேகப்படுங்கள். அசல் வெளியான ஆண்டையும் கம்பெனியையும் பார்த்து, காலவரிசைத் தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது, இறந்தவர் குரல்மேல் ஏற்றிய பூச்சு. 1964-ல் விமான விபத்தில் ஜிம் ரீவ்ஸ் மறைந்த பிறகு, அவர் குரல்மேல் புதிய வாத்தியம் சேர்த்துத் தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. 1953 ஜனவரி 1-இல், 29 வயதில் மறைந்த ஹாங்க் வில்லியம்ஸுக்கும் 1960-களில் வயலின் கூட்டத்தைச் சேர்த்து வெளியிட்டார்கள். அவர் பதிவுகள் மோனோ (ஒரே ஒலித்தடம்). பாடல் ஸ்டீரியோவாக இரண்டு காதிலும் விரிந்து, பின்னால் வயலின் அலை எழுந்தால் அது அவர் கேட்டிராத பின்னணி. மோனோ பதிவைத் தேடிப் பிடித்து, இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிடுங்கள். ஸ்டீல் பதில் சொன்ன அந்த ஒன்றரை நொடியில் வயலின்கள் வந்து உட்கார்ந்திருப்பது நன்றாகவே கேட்கும்.